குழந்தையின் கோடுகள் சொல்வதும் சொல்லாததும்

கையில் பென்சில் கிடைத்ததும் குழந்தை முதலில் செய்யும் வேலை எழுதுவதன்று, வரைவது. எழுத்தை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது; கோட்டை அது தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒன்றரை வயதில் வீட்டுச் சுவரில் தொடங்கும் கிறுக்கல், சில ஆண்டுகளில் அம்மாவாகவும் ஆட்டோவாகவும் தென்னை மரமாகவும் உருவெடுக்கிறது. புதிதாக வெள்ளையடித்த சுவர் வீணாயிற்றே என்று கடிந்துகொள்ளும் பெற்றோர்கூட, குழந்தை உறங்கிய பிறகு அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து உறவினருக்கு அனுப்பி மகிழ்கின்றனர்.

அண்மைக்காலமாக இந்தப் படங்கள்மீது வேறொரு பார்வையும் விழத் தொடங்கியிருக்கிறது. மழலையர் வகுப்பில் சேர்க்கும் முன் குழந்தையை ஒரு மனிதனை வரையச் சொல்லிப் பார்ப்பது, படத்தை வைத்து அறிவுத்திறன் அறிக்கை தருவது, கருப்பு நிறத்தை மிகுதியாகப் பயன்படுத்திய குழந்தைக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று எச்சரிப்பது, படத்தைப் பதிவேற்றினால் குழந்தையின் மனநிலையைக் கணித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகள் எனப் பல வடிவங்களில் அது பெற்றோரை வந்தடைகிறது. நான்கு வயதுக் குழந்தை ஐந்து நிமிடத்தில் வரைந்த ஒரு படம், பல ஆண்டுகளுக்கு அதன்மேல் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஒரு முத்திரையாக மாறிவிடும் என்றால், அந்த மதிப்பீட்டின் அடித்தளம் எவ்வளவு உறுதியானது என்று கேட்க வேண்டியது நம் கடமை.

குழந்தைகளின் ஓவியத்தை ஆய்வுப் பொருளாகக் கருதும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தொடங்கியது. இத்தாலியக் கலை வரலாற்றாசிரியர் கொர்ராதோ ரிச்சி, பொலோனா நகரில் மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் சிறுவர்கள் சுவரில் வரைந்திருந்த படங்களால் ஈர்க்கப்பட்டு, 1887-இல் குழந்தைகளின் கலை குறித்து ஒரு நூலை வெளியிட்டார். பிரான்ஸ் நாட்டின் ஜார்ஜ்-ஆன்ரி லூக்கே, தம் மகள் வரைந்த படங்களைத் தொடர்ந்து சேகரித்து 1913-இல் ஆய்வு நூலாக்கினார். குழந்தை தன் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பது அவர் வகுத்துத் தந்த கருத்து. பின்னர் ழான் பியாஜே உள்ளிட்ட உளவியல் அறிஞர்கள் அதை ஏற்று விரித்தனர்.

இதை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடி உள்ள ஒரு கோப்பையை, கைப்பிடி பின்புறம் மறையும்படி குழந்தையின் முன் வைத்து வரையச் சொன்னால், ஐந்தாறு வயதுக் குழந்தை பெரும்பாலும் கைப்பிடியையும் சேர்த்தே வரையும். எட்டு வயதை எட்டியவர்கள் அதை விட்டுவிடுவார்கள். நார்மன் ஃப்ரீமேனும் அவருடன் பணியாற்றியவரும் 1972-இல் வெளியிட்ட இந்தச் சோதனை, இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சின்னக் குழந்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது இதன் பொருளாகாது. கைப்பிடி இல்லாவிட்டால் அது கோப்பையே அன்று என்பது குழந்தையின் தர்க்கம். பேருந்தின் தகரத்தை ஊடுருவி உள்ளே அமர்ந்திருப்போரின் கால்கள் தெரிவதும், தாயின் வயிற்றுக்குள் தம்பிப் பாப்பா தெரிவதும் இதே தர்க்கத்தின் விளைவுகள்தான்.

இந்த வளர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சுமார் ஒன்றரை வயதில் கிறுக்கல் தொடங்குகிறது. மூன்று வயதையொட்டி ஒரு வட்டத்தைப் பார்த்து வரைய முடிகிறது. அதன் பின்னர் தோன்றுவது தலைப்பிரட்டை மனிதன்: ஒரு வட்டம், அதற்குள் இரு கண்கள், வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால்கள். உடல் என்ற ஒன்று இருக்காது. நான்கு வயதையொட்டிக் கூட்டல் குறியும், ஐந்து வயதையொட்டி முக்கோணமும், ஆறு ஏழு வயதில் சாய்சதுரமும் கைவசமாகின்றன. கண்ணும் கையும் மூளையும் ஒருங்கிணைந்து செயல்படுவதன் அடையாளங்களாக இவற்றைக் குழந்தை மருத்துவர்கள் கவனிக்கின்றனர். ஐந்து வயதுக்கு மேல் தாளின் அடியில் ஒரு தரைக்கோடும் மேலே ஒரு வானக்கோடும் தோன்றி, படத்திலுள்ளவை எல்லாம் தரையில் வரிசையாக நிற்கத் தொடங்குகின்றன. உலகத்துக்கு ஓர் ஒழுங்கமைப்பு உண்டு என்பதைக் குழந்தை உணர்ந்துவிட்டது என்பதை அந்த ஒரு கோடு சொல்கிறது.

ஒழுங்கு இருக்கிறது என்றால், அளக்கவும் முடியுமல்லவா? அமெரிக்க உளவியலாளர் ஃப்ளோரன்ஸ் குட்இனஃப் 1926-இல் அதைத்தான் செய்தார். குழந்தையிடம் ஒரு மனிதனின் படத்தை வரையச் சொல்ல வேண்டும். படத்தின் அழகுக்கு மதிப்பெண் இல்லை. தலை உண்டா, கழுத்து உண்டா, கண்ணுக்குப் பாவை உண்டா, கைகள் சரியான இடத்தில் இணைகின்றனவா என்பன போன்ற 51 குறிப்புகளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ண வேண்டும். மூன்று வயதை அடிப்படையாக வைத்து, நான்கு மதிப்பெண்ணுக்கு ஓர் ஆண்டு என்று சேர்த்தால் குழந்தையின் 'மன வயது' கிடைக்கும். 16 மதிப்பெண் பெற்ற குழந்தையின் மன வயது ஏழு. அதன் உண்மை வயது ஆறு எனில், அறிவுத்திறன் ஈவு சுமார் 117. 1963-இல் டேல் ஹாரிஸ் இதை விரிவாக்கித் திருத்தியமைத்தார்.

இச்சோதனை உலகெங்கும் பரவியதற்குக் காரணங்கள் எளிதில் விளங்கக்கூடியவை. ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். செலவில்லை. பேசக் கூச்சப்படும் குழந்தைக்கும், காது கேளாத குழந்தைக்கும், ஆசிரியரின் மொழி அறியாத குழந்தைக்கும் கொடுக்கலாம். வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். இந்தியாவில் பரோடாவைச் சேர்ந்த பிரமிளா பாடக், இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார். நம் நாட்டு உளவியல் ஆய்வேடுகளிலும் மருத்துவமனைகளிலும் அது நெடுங்காலம் பயன்பட்டது.

இந்தியாவுக்கெனத் தனி முறை ஏன் தேவைப்பட்டது? குட்இனஃபின் 51 குறிப்புகளுக்குள் நுழைந்து பார்த்தால் விடை கிடைக்கும். கையையும் விரல்களையும் பற்றி மட்டும் ஐந்து குறிப்புகள் உள்ளன: விரல்கள் உண்டா, எண்ணிக்கை சரியா, வடிவம் சரியா, கட்டைவிரல் பிரிந்து நிற்கிறதா, உள்ளங்கை தனியாகத் தெரிகிறதா. விரல்களைக் கண்டுகொள்ளாத ஒரு குழந்தை அந்த ஓர் அலட்சியத்தால் ஒன்றேகால் ஆண்டு மன வயதை இழந்துவிடும். உடையைப் பற்றியும் அவ்வாறே. சட்டைக்கையும் காற்சட்டையும் காட்டப்பட்டால் மதிப்பெண் உண்டு. மேலாடை இல்லாமல் வேட்டி கட்டித் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவைக் கண்டு வளர்ந்த ஒரு கிராமத்துக் குழந்தை, தான் அறிந்த மனிதனைச் சரியாக வரைந்தாலும் அந்த மதிப்பெண்ணைப் பெறாது. 1920-களின் அமெரிக்க மனிதனின் உருவம் அந்த அளவுகோலுக்குள் சத்தமின்றி அமர்ந்திருந்தது.

வெய்ன் டெனிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பல நாடுகளிலும் சமூகங்களிலும் குழந்தைகள் வரைந்த மனித உருவங்களை ஒப்பிட்டு, 1966-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சமூகத்துக்குச் சமூகம் சராசரி மதிப்பெண் பெருமளவு வேறுபட்டது. படங்களும் நூல்களும் உருவச் சிலைகளும் புழங்கும் சமூகங்களின் குழந்தைகள் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர்; உருவம் வரையும் வழக்கமே இல்லாத சமூகங்களின் குழந்தைகள் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். இதிலிருந்து அவர்களின் அறிவு குறைவு என்று முடிவு கட்டுவது, நீச்சல் குளமே இல்லாத ஊரின் பிள்ளைகளை நீச்சல் போட்டியில் நிறுத்தி அவர்களின் உடல் வலிமையைக் கணிப்பதற்கு ஒப்பானது. இதைக் குட்இனஃப் அம்மையாரும் உணர்ந்திருந்தார். 1950-இல் ஹாரிஸுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுரையில், பண்பாட்டின் சாயல் படாத சோதனையைத் தேடுவது வெறும் மாயை என்றே அவர் குறிப்பிட்டார். தாம் உருவாக்கிய அளவுகோலின் எல்லையைத் தாமே சொல்லிய அந்த நேர்மையை, அதைப் பயன்படுத்தும் எல்லோரிடமும் காண முடிவதில்லை.

நம் ஊர்க் குழந்தைகளின் படங்களையே எடுத்துக்கொள்வோம். இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மலைகள், நடுவில் எழும் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை, வானத்தில் பறவைகளாகச் சில வளைகோடுகள் என்றே வரைகின்றனர். மலையைக் கண்ணால் காணாத காவிரிப் படுகைப் பிள்ளையும், ஓட்டு வீட்டில் வாழ்ந்திராத அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளையும் இதையே வரைகின்றனர். இந்தப் படம் குழந்தையின் அனுபவத்திலிருந்து வந்ததன்று. அண்ணன், அக்காவிடமிருந்தும் பக்கத்து இருக்கைத் தோழியிடமிருந்தும் கரும்பலகையிலிருந்தும் வந்தது. மற்றொரு பக்கம், வாசலில் புள்ளி வைத்து நெளிக்கோலம் போடக் கற்ற எட்டு வயதுச் சிறுமியின் கையில் உள்ள சமச்சீர் உணர்வும், எண்ணிக்கை அறிவும், கோட்டைக் கொண்டுபோய்த் தொடங்கிய இடத்திலேயே சேர்க்கும் நினைவாற்றலும் மனித உருவச் சோதனையின் எந்தக் குறிப்பிலும் இடம்பெறா.

அப்படியானால் படத்துக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. இதற்கு இதுவரை கிடைத்துள்ள மிக விரிவான விடைகளுள் ஒன்று 2014-இல் வெளியானது. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ரோஸலிண்ட் ஆர்டன் தலைமையிலான குழு, 7,752 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தது. நான்கு வயதில் அவர்கள் வரைந்த குழந்தை உருவத்துக்கு, இடம்பெற்ற உறுப்புகளின் அடிப்படையில் 0 முதல் 12 வரை மதிப்பெண் தரப்பட்டது. அதே வயதில் நடந்த அறிவுத்திறன் சோதனையோடு அதன் ஒட்டுறவுக் கெழு 0.33. அதே குழந்தைகள் 14 வயதை எட்டியபோது நடந்த சோதனையோடு 0.20.

பொருளியல் மாணவர்களுக்குப் பல்லாண்டு புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த எண்களைச் சற்று விளக்க விரும்புகிறேன். ஒட்டுறவுக் கெழுவை அதனாலேயே பெருக்கினால், ஒன்றின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மற்றொன்றோடு சேர்ந்து செல்கிறது என்பது தெரியும். 0.33-ஐ அவ்வாறு பெருக்கினால் கிடைப்பது சுமார் 0.11. நான்கு வயதில் குழந்தைகளிடையே காணப்படும் அறிவுத்திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே படத்தோடு தொடர்புடையது. எஞ்சிய எட்டுப் பங்கைப் பற்றிப் படம் மௌனம் காக்கிறது. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு நூற்றில் நான்கு பங்காகச் சுருங்குகிறது. பத்தாண்டு இடைவெளியைக் கடந்தும் ஒரு தொடர்பு மிஞ்சியிருப்பது ஆய்வாளருக்கு வியப்பூட்டும் செய்தி. உங்கள் வீட்டுக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க அது பயன்படாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஆயிரக்கணக்கானோரின் சராசரிக்குப் பொருந்துவது தனியொருவருக்குப் பொருந்த வேண்டியதில்லை. பருவமழையின் சராசரியைக் கொண்டு ஒரு மாநிலத்தின் நெல் விளைச்சலைத் தோராயமாக மதிப்பிடலாம். ஒரு குறிப்பிட்ட விவசாயியின் வயலில் எத்தனை மூட்டை விளையும் என்று சொல்ல முடியாது. அவரது நிலம், விதை, கிணறு, கடன் எல்லாம் அதில் அடங்கும். குழந்தையின் படத்திலும் அறிவோடு வேறு பல சேர்ந்தே பதிகின்றன. கலர் பென்சில் பெட்டியும் படக்கதைப் புத்தகமும் கண்டு வளர்ந்த பிள்ளையும், அங்கன்வாடிக்கு வந்த பிறகே முதன்முதலாகக் கிரையானைத் தொட்ட பிள்ளையும் ஒரே தாளில் வரையும்போது, அங்கே ஓரளவு அளக்கப்படுவது வீட்டின் வருமானம். வறுமையை மந்தபுத்தி என்று பதிவுசெய்துவிடும் அபாயம் இதில் இருக்கிறது. மிகப் பெரிய தீங்கும் அதுவே.

இன்னோர் அபாயமும் உண்டு. ஓர் அளவீடு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை என்பது, பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. மழலையர் சேர்க்கைக்கு மனித உருவம் கேட்கப்படுகிறது என்று தெரிந்தால், அடுத்த மாதமே அதற்குப் பயிற்சி தரும் வகுப்பு ஒன்று தெருவில் தோன்றிவிடும். ஐந்து விரல், கழுத்து, காது, பொத்தான் என்று மனப்பாடமாக வரைந்து மதிப்பெண் பெறும் பிள்ளைக்கு அறிவு ஓர் அங்குலமும் கூடியிருக்காது. தானாக வரையும் மகிழ்ச்சி மட்டும் குறைந்திருக்கும்.

திறமை மிகுந்த ஓவியம் அனைத்து வளர்ச்சிக்கும் சான்றாகாது என்பதை, 1977-இல் லோர்னா செல்ஃப் நூலாக வெளியிட்ட நாடியா என்ற சிறுமியின் வரலாறு காட்டுகிறது. இங்கிலாந்தில் வாழ்ந்த அச்சிறுமி, மூன்றரை வயதளவிலேயே பாய்ந்தோடும் குதிரைகளைத் தேர்ந்த ஓவியரைப் போல வரைந்தாள். ஆட்டிசம் என்னும் புற உலகச் சிந்தனைக் குறைபாட்டுக்கு ஆளான அவளுக்குப் பேச்சு மிக அரிதாகவே வந்தது. படத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்திருந்தால், அவளுக்குத் தேவைப்பட்ட உதவி எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

அறிவை அளப்பதிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், உணர்வைப் படிப்பதில் சிக்கல் இன்னும் கூடுதல். ஜான் பக் 1948-இல் வீடு, மரம், மனிதன் ஆகிய மூன்றையும் வரையச் சொல்லி ஆளுமையைக் கணிக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டே காரென் மாக்கோவர், மனித உருவத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் மனநிலை சார்ந்த பொருளைச் சொல்லும் நூலை எழுதினார். பெரிய கண் சந்தேக குணத்தைக் காட்டும், கை இல்லாவிட்டால் இயலாமையைக் காட்டும், அழுத்தமான நிழற்கோடு பதற்றத்தைக் காட்டும் என்பன போன்ற வாய்பாடுகள் அந்த மரபிலிருந்து கிளைத்துப் பரவியவை. கேட்பதற்கு இவை நம்பத்தக்கனவாகவே தோன்றும்.

ஏன் அப்படித் தோன்றுகின்றன என்பதை லோரன் சாப்மேன், ஜீன் சாப்மேன் இணையர் 1967-இல் ஆராய்ந்தனர். மனித உருவப் படங்களையும் அவற்றை வரைந்தவர்களுடையவை என்று சொல்லப்பட்ட மனக்குறைகளையும், எந்தத் தொடர்பும் இல்லாதபடி கலந்து, இத்துறையில் முன்னனுபவம் இல்லாத கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினர். பார்த்து முடித்த மாணவர்கள், சந்தேக குணம் உடையவர்கள் கண்ணைச் சிறப்பித்து வரைந்திருந்தனர் என்று உறுதிபடக் கூறினர். அனுபவம் வாய்ந்த உளவியல் நிபுணர்கள் சொல்லிவந்த அதே தொடர்புகள்! தரவுகளில் இல்லாத ஒன்றை, கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் பேச்சு வழக்கில் உள்ள உறவை வைத்து மனம் தானே இட்டு நிரப்பிக்கொண்டது. பின்னர் வந்த பல திறனாய்வுகளும், படத்தில் உள்ள தனித்தனி அடையாளங்களை வைத்து ஒருவரின் மனநிலையைக் கண்டறிவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்கின்றன.

கருப்புக் கிரையானை எடுத்த குழந்தை, பெட்டியில் மற்றவை உடைந்துபோனதால் எடுத்திருக்கலாம். வெள்ளைத் தாளில் கருப்பு நன்றாகத் தெரிகிறது என்பதால் எடுத்திருக்கலாம். சிவப்பைப் பக்கத்துப் பையன் வைத்துக்கொண்டிருக்கலாம். அப்பாவைச் சிறிதாக வரைந்ததற்குத் தாளில் இடமில்லாமல் போனது காரணமாக இருக்கலாம். கேட்டால் குழந்தையே சொல்லிவிடும். வாய்பாட்டை வைத்திருப்பவருக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

துயரத்தில் இருக்கும் குழந்தை துயரத்தையே வரையும் என்ற எதிர்பார்ப்பும் பிழையானது. இரண்டாம் உலகப் போரின்போது யூத மக்களை அடைத்துவைக்க நாஜிகள் பயன்படுத்திய இடங்களுள் ஒன்று செக் நாட்டின் தெரேசின். அங்கே கைதியாக இருந்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், குழந்தைகளுக்கு இரகசியமாக ஓவியம் கற்பித்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அங்கு அனுப்பப்படும் முன் அவர் இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்துச் சென்ற படங்கள் உட்பட, ஏறத்தாழ 4,500 படங்கள் பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இன்று பாதுகாக்கப்படுகின்றன. அடுக்குக் கட்டில்களையும் காவலர்களையும் வரைந்த படங்கள் அவற்றில் உண்டு. பூக்களும் பட்டாம்பூச்சிகளும் விட்டுவந்த வீடுகளும் நிறைந்த படங்களும் உண்டு. அவற்றை வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. 'வண்ணமயமான படம், ஆகவே மகிழ்ச்சியான குழந்தை' என்று ஒரு செயலி அந்தப் பட்டாம்பூச்சியைப் பார்த்துச் சொல்லுமானால், அதைவிடக் கொடிய பிழை வேறில்லை.

இத்தனையும் சொன்னதால் குழந்தைகளின் படங்களை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்தன்று. படத்தின் உண்மையான பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியன் கிராஸ், ஹார்லீன் ஹேய்ன் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம் அவர்கள் மகிழ்ந்த, பயந்த, வருந்திய நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டனர். சிலரைப் பேச மட்டும் சொன்னார்கள். சிலரை வரைந்துகொண்டே பேசச் சொன்னார்கள். வரைந்துகொண்டே பேசிய குழந்தைகள் ஏறத்தாழ இரு மடங்கு செய்திகளைச் சொன்னார்கள். அங்கே படத்தை எவரும் 'படிக்கவில்லை'. பெரியவரின் கண்ணை நேரே பார்க்க வேண்டாத நிம்மதியும், கைக்கு ஒரு வேலையும், நினைவுக்கு ஒரு பிடிமானமும் குழந்தைக்குக் கிடைத்தன. வாய் தானே திறந்தது.

நீதிமன்றங்களும் இந்தப் பயனை அறியத் தொடங்கியிருக்கின்றன. தில்லி நீதிமன்றம் ஒன்று 2017-இல், உறவினரால் பாலியல் கொடுமைக்கு உள்ளான பத்து வயதுச் சிறுமி வரைந்த படத்தையும் கருத்தில் கொண்டு, குற்றவாளிக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அங்கே படம் தனியாக நின்று தீர்ப்பை எழுதிவிடவில்லை. வழக்கின் பிற சூழ்நிலைகளோடு சேர்ந்து, சிறுமியின் வாக்குமூலத்துக்குத் துணைநின்றது. இலங்கையின் மட்டக்களப்பில் உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1996-இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட வெவ்வேறு சமூகங்களின் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து வரைந்தார்கள், விளையாடினார்கள், கதை சொன்னார்கள். ஆறுதலுக்கு வழியமைப்பதே அங்கு ஓவியத்தின் வேலை.

பள்ளியிலும் வீட்டிலும் நாம் செய்யத்தக்கவை எளியவை. ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவுக்கு வராமல், தேதியிட்டுப் படங்களைச் சேர்த்துவைக்கலாம். ஆடியில் வரைந்ததையும் தையில் வரைந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குழந்தை தன்னைத் தானே எவ்வளவு கடந்து வந்திருக்கிறது என்பது தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டிய அவசியம் எழாது. 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், தேர்வுக்குப் பதிலாகக் குழந்தையை உற்றுநோக்குவதையும் அது படைத்தவற்றைத் தொகுத்துப் பார்ப்பதையுமே மதிப்பீட்டு முறையாகப் பரிந்துரைக்கிறது. கொள்கை சரியாகவே இருக்கிறது. அதை நிறைவேற்ற அங்கன்வாடிப் பணியாளருக்கு நேரமும் பயிற்சியும் தாளும் கிரையானும் வேண்டும். பதிவேடுகளை நிரப்புவதிலேயே அவரது பகல் கழியுமானால், குழந்தையின் படத்தைப் பார்க்க அவருக்கு ஏது பொழுது?

கேட்கும் முறையும் முக்கியம். 'இது என்ன, நாயா?' என்று கேட்டால் குழந்தை 'ஆமாம்' என்று சொல்லிவிடும். 'யார் உன்னை அடித்தது?' என்று கேட்டால், நடக்காத ஒன்றுக்கும் ஒரு பெயரைச் சொல்லிவிடக்கூடும். 'இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லு கண்ணு' என்பதற்கு மேல் ஒரு கேள்வியும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அதன் பிறகு பெரியவர் செய்ய வேண்டியது காதைக் கொடுப்பதே.

சில அடையாளங்களை அலட்சியம் செய்யக் கூடாது. போதிய வாய்ப்பு கிடைத்தும் நான்கு வயதைக் கடந்த குழந்தையால் ஒரு வட்டத்தைப் பார்த்து வரைய முடியாவிட்டால், பென்சிலைப் பிடிப்பதே போராட்டமாக இருந்தால், தாளை முகத்தோடு ஒட்டிவைத்து வரைந்தால், முன்பு எளிதாக வரைந்ததை இப்போது வரைய முடியாமல் போனால், பார்வைக் குறையோ நரம்பு சார்ந்த தொல்லையோ இருக்கிறதா என மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்காகவே உள்ளன. ஓயாமல் வரைந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென நிறுத்திவிட்டாலோ, அச்சுறுத்தும் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தாலோ, அருகே அமர்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். தனக்கு நேர்ந்த கொடுமையைக் குழந்தை சொன்னால், அதை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் நம் அனைவர்மீதும் சுமத்தியுள்ள கடமை. 1098 என்ற எண் அதற்கான முதல் கதவு.

செய்யக் கூடாதவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பள்ளிச் சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வுமுறைக்கும் தடை விதிக்கிறது; மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அச்சட்டத்தின் எல்லை எந்த வயதிலிருந்து தொடங்கினாலும், அதன் நோக்கம் மழலையர் வகுப்பின் வாசலுக்கும் பொருந்த வேண்டும். 'சும்மா ஒரு படம் வரையச் சொன்னோம்' என்பது விலக்காகிவிடக் கூடாது. குழந்தையின் படத்தைச் செயலியில் ஏற்றும் பெற்றோரும் ஒரு கணம் நிதானிப்பது நல்லது. உளவியல் நிபுணர் நேரில் அமர்ந்து பேசிப் பழகி, பல சோதனைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்றை, குழந்தையைக் காணாத ஒரு கணினி நிரல் எப்படிச் சொல்லும்?

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு நம் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் பல்பமும் இருந்தன. வரைந்ததை அழித்துவிட்டு அடுத்ததை வரைந்தார்கள்; அவற்றுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. பார்த்துப் பேசவும் பெரும்பாலான வீடுகளில் ஆளில்லை. இன்று தாளும் வண்ணமும் முன்னைவிட மலிவு. படத்துக்கு மதிப்பெண் போடுவதும் மலிவாகிவிட்டது. அருகே அமர்ந்து, 'இது யாரு? எங்க போறாங்க?' என்று குழந்தையின் சொற்களுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம் மட்டும் அருகிவருகிறது. குழந்தை படத்தை நீட்டும்போது அது நம்மிடம் கேட்பது அந்தப் பத்து நிமிடத்தையே. அதைக் கொடுக்கும் வீட்டிலும் வகுப்பறையிலும் குழந்தையின் அறிவும் வளரும்; அதன் மனத்தில் இருப்பதும் நமக்குத் தெரியவரும்.